பாதையின் ஹக்கு

வெள்ளிக்கிழமை ஒன்றில் நாம் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிட்டு விஷயத்திற்கு வருகின்றோம். அதைச் சொல்லாமல் இதை எழுதினால், ஊருக்கு உபதேசம் செய்து தம்மை மறந்தவர்களின் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

நமது மஹல்லாவின் நடுவே பிரதான சாலை ஒன்று போகின்றது. முன்பு இரண்டு மாட்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் அளவே அதன் அகலம். இன்று அது நான்கு வழிச் சாலை. பள்ளிவாசல் ஒரு பக்கம், வீடுகளில் பாதிக்கு மேல் மறு பக்கம். பள்ளிவாசலுக்கு எதிரே, நடப்பவர்கள் கடப்பதற்கென்று வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கின்றார்கள். டயர்கள் உரசி உரசிப் பாதி அழிந்து கிடக்கின்றன. அன்று குத்பாவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் பூசி, மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்துகொண்டிருந்தோம். கோட்டின் ஓரத்தில் கைத்தடியோடு நின்ற ஒரு பெரியவர், சாலையில் ஓர் அடி எடுத்து வைத்தார். நாம் அவரைக் கண்டோம். காணவில்லை என்று சொல்ல வழியில்லை. பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் ஹாரனை அழுத்தினோம். எடுத்து வைத்த காலை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாம் போய்விட்டோம். நமக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே போயிருக்க வேண்டும்.

முன் ஸஃபில் நமக்கு இடம் கிடைத்தது. குத்பாவைக் கேட்டோம், தொழுதோம், மன நிறைவோடு எழுந்தோம். வெளியே வரும்போது, செருப்பு விடும் இடத்தை ஒட்டிய கடைசி ஸஃபில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஸலாம் சொல்லிவிட்டு, "ஏன் பெரியத்தா, இன்னும் கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே?" என்று கேட்டோம். கேட்ட நாவை என்ன சொல்வது!

"பாங்கு சொல்றப்பவே வீட்டை விட்டுக் கிளம்பிட்டேன் தம்பி. அந்தப் பக்கம் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்தேன். குத்பா கிடைக்கலே. தொழுகை கிடைச்சுதே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. பார்வை மங்கியவர்; நம்மை அடையாளம் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடவில்லை. நாம் செய்தது என்ன? யாரும் விழவில்லை, காயம் இல்லை, வழக்கு இல்லை. பாவங்கள் என்று நாம் மனத்தில் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது. ஆனால் அந்த மனிதரின் ஒரு ஹக்கு நம்மால் பறிபோயிருந்தால், அது அல்லாஹ்வுக்கும் நமக்கும் மட்டும் உள்ள விவகாரம் அன்று. தவ்பா செய்து கண்ணீர் விட்டால் மட்டும் தீராது. அது அடியார்களுக்குரிய கடன். உரியவரிடம் கொடுத்தோ மன்னிப்புப் பெற்றோ தீர்க்க வேண்டியது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மறுமைக்கு வரும் ஒருவன், பிறரை ஏசியும் அடித்தும் அவர்கள் பொருளை உண்டும் வந்த காரணத்தால் அத்தனையையும் அவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு வெறுங்கையனாய் நிற்பான் என்றும், அவனே உண்மையான திவாலாளி என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. அன்றைய முன் ஸஃபின் நன்மை யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்?

சாலை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், எல்லோருக்கும் என்போம். நடைமுறையில் அது எவன் வேகமாக வருகின்றானோ அவனுக்குச் சொந்தம். லாரிக்குக் கார் ஒதுங்கும்; காருக்கு ஆட்டோ ஒதுங்கும்; ஆட்டோவுக்கு சைக்கிள் ஒதுங்கும்; நடப்பவன் எல்லோருக்கும் ஒதுங்குவான். வலியவன் முன்னே போவது இயற்கை என்று இதற்கு நியாயமும் சொல்லப்படுகின்றது.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கின்றது? புகாரியிலும் முஸ்லிமிலும் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸை நாம் பல முறை கேட்டிருப்போம். சாலைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று நினைத்திருக்க மாட்டோம். பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளை எடுத்துச் செல்பவர், அவற்றின் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்; யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாது என்பது அதன் கருத்து. கடைத்தெருவில் நிற்பவர்களிடம், அம்பு வருகின்றது, ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்லப்படவில்லை. ஆபத்தான பொருளை யார் எடுத்து வருகின்றாரோ அவர் மீதே பொறுப்பு சுமத்தப்பட்டது. கூர்முனையைப் பிடிப்பது அவருக்குத்தான் அசௌகரியம். அதை அவர் தாங்கிக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோ இரும்பைச் சாலையில் ஓட்டி வருபவனுக்கு இந்த ஹதீஸ் பொருந்தாது என்று யாராவது சொல்ல முடியுமா?

நமது இமாம்களும் இந்த வழியிலேயே சட்டம் வகுத்தார்கள். ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா, ஹனஃபி மத்ஹபில் இன்றும் மத்ரஸாக்களில் ஓதப்படும் நூல். வாகனப் பிராணிகளால் நேரும் சேதங்களைப் பேசும் பகுதியில் ஓர் அடிப்படை வைக்கப்பட்டுள்ளது. பொதுப் பாதையில் போவது ஆகுமானதுதான். ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமல் போக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது ஆகுமானது. ஆகவே, சவாரி செய்யும் பிராணி ஒருவரை மிதித்துவிட்டால் சவாரி செய்தவரே நஷ்டத்திற்கு உத்தரவாதி. ஷாஃபிஈ மத்ஹபிலும், பிராணியோடு இருப்பவரே அது செய்யும் சேதத்திற்குப் பொறுப்பாளி. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லி அவர் தப்ப முடியாது. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால்கூட, நஷ்டஈட்டோடு பரிகாரமும் உண்டு என்று குர்ஆன் கூறுகின்றது. விடுதலை செய்ய அடிமை இல்லையெனில் இரண்டு மாதம் இடைவிடாத நோன்பு. வண்டியால் ஒருவரைக் கொன்றுவிட்டு, இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஆலிம்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்றும் உண்டு. வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி. உயரத்தில் இருப்பவன் முந்திப் பணிய வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். நம் தெருக்களில் ஸலாமின் இடத்தை ஹாரன் பிடித்துக்கொண்டது. ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வதுகூட ஆகாது என்று அபூதாவூதில் வந்திருக்க, பெரியவர் காலைப் பின்னிழுக்கும்படி ஹாரன் அடித்தவன் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது!

இது சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகின்றது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு ஜனாஸாக்கள். வண்டி வாங்க வசதியற்றவர்கள், ஓட்ட இயலாத முதியவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சற்று வேகமாகப் போனால் என்ன என்கின்றோம். பிரிட்டனில் வாகனம் ஓட்டுபவர்களுக்குரிய விதிநூல் இதை மீட்டரில் கணக்கிட்டுக் காட்டுகின்றது. மணிக்கு 32 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டது முதல் நிற்பதற்கு 12 மீட்டர் தேவை. 48 கிலோமீட்டரில் 23 மீட்டர். 64 கிலோமீட்டரில் 36 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் மூன்று மடங்காகின்றது. 12 மீட்டரில் நின்றிருக்கக்கூடிய வண்டி, 36 மீட்டர் கேட்கும்போது இடையில் இருக்கும் மனிதர் என்ன ஆவார்? காரின் முன்புறம் மோதும்போது நடப்பவர் இறக்கும் அபாயம், 50 கிலோமீட்டர் வேகத்தைவிட 65-இல் நாலரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது.

"மவ்த் வரவேண்டிய நேரம் வந்துவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஜனாஸா வீட்டில் சொல்வார்கள். மைய்யித்தின் சொந்தங்கள் அப்படிச் சொல்லிப் பொறுமை கொள்வது ஈமான். ஓட்டியவன் சொல்வது வேறு. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்ன நபியின் உம்மத் நாம். நார்வே நாட்டின் தலைநகர் ஓஸ்லோவில் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்ற ஒருவர்கூட வாகனம் மோதி இறக்கவில்லை. அந்த ஊருக்கு மலக்குல் மவ்த் போகவில்லையா? வேகத்தைக் குறைத்தார்கள், நகரின் நடுப்பகுதியில் கார் நிறுத்தும் இடங்களைக் குறைத்தார்கள். ஒட்டகத்தைக் கட்டினார்கள்.

உயிர் காப்பது மட்டும் போதும் என்றும் நாம் நினைக்கவில்லை. நடப்பவரின் சௌகரியமும் ஹக்கில் சேர்ந்ததே. நகரங்களில் சாலையைக் கடக்க இரும்பு நடைமேம்பாலங்கள் கட்டுகின்றார்கள். கீழே லாரியும் பஸ்ஸும் போக வேண்டுமாதலால் பாலம் ஐந்து மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் முப்பத்தைந்து படியளவு ஏறி, அவ்வளவும் இறங்க வேண்டும். மிதித்தால் ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவன் சமதளத்தில் போக, முழங்கால் வலிக்காரரும் கர்ப்பிணிப் பெண்ணும் மலையேற வேண்டும்! ஏறாமல் கீழே கடந்து அடிபட்டால், பாலம் இருந்தும் ஏறவில்லையே என்று பழியும் அவர்களுக்கே. மிக வேகமான நெடுஞ்சாலைகளில் பாலமோ சுரங்கப் பாதையோ தவிர்க்க முடியாமல் இருக்கலாம். ஊருக்குள் ஓடும் சாலையில் ஏறி இறங்க வேண்டியவர் நடப்பவர் அல்லர் என்பதே நமது கருத்து. நடப்பவரின் கோட்டையே வேகத்தடை போல மேடாக்கி அமைத்தால், வண்டிதான் ஏறி இறங்கும். அதுவே முறை.

அகலமான சாலையில் நடுவே ஒரு திட்டு வைத்தால் அதன் பலன் பெரிது. ஒரே நேரத்தில் இரு பக்கமும் பார்த்து ஓட வேண்டியதில்லை. வலப்பக்கம் பார்த்துப் பாதி கடக்கலாம், நின்று மூச்சு வாங்கலாம், பிறகு இடப்பக்கம் பார்த்து மீதியைக் கடக்கலாம். நமது பெரியவருக்கு அப்படி ஒரு திட்டு இருந்திருந்தால் குத்பா கிடைத்திருக்கும்.

சிக்னல் உள்ள இடங்களில் பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதை, மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்ற கணக்கில் முடிவு செய்வது பல நாடுகளில் வழக்கம். 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 30 விநாடி வேண்டும். அந்தப் பத்து விநாடி அவரை நடுச்சாலையில் நிறுத்திவிடுகின்றது. நம்மவர்கள் ஏராளமாய் வாழும் சிங்கப்பூரில் 2009-ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதியவர் தமது சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால், பச்சை விளக்கு கூடுதலாகச் சில விநாடிகள் எரியும். சாலையின் அகலத்தைப் பொறுத்து மூன்றிலிருந்து பதின்மூன்று விநாடி வரை. முதியோருக்கு மரியாதை காட்டாதவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று ஓதி வைத்திருக்கும் நாம், அந்த மரியாதையை விநாடியில் அளந்து கொடுக்கலாம் என்று யோசித்ததில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட வாகனம் ஓட்டும் விதிமுறைகள், கடக்கும் கோட்டில் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிடும்படி ஓட்டுபவருக்குக் கட்டளையிடுகின்றன. ஆனால் கோடு என்பது வெறும் வண்ணம். சுவர் போலத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. நிற்பார்கள் என்று நம்பி ஒருவர் அதில் கால் வைக்கின்றார். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். வாங்கிய கடனையும் வைத்த பொருளையும் மட்டும் அமானத் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றோம்.

ஜும்ஆவுக்கு விரையுங்கள் என்று குர்ஆனிலேயே இருக்கின்றதே என்று ஒரு நண்பர் நம்மிடம் கேட்டார். விரைதல் என்பதற்கு அங்கே ஓடுதல் என்று பொருளில்லை, மற்ற வேலைகளை விட்டுவிட்டு அதில் முனைதல் என்பதே பொருள் என முஃபஸ்ஸிர்கள் எழுதியுள்ளார்கள். இகாமத் சொல்வதைக் கேட்டாலும் ஓடாமல் அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பது நபிகளாரின் தெளிவான போதனை. ஜும்ஆ நாளில் ஜனங்களின் பிடரிகளைத் தாண்டிக்கொண்டு முன்னே வந்தவரை, உட்காரும், நீர் தொல்லை கொடுத்துவிட்டீர் என்ற கருத்துப்பட நபியவர்கள் கண்டித்தார்கள். பள்ளிக்குள் தாண்டினால் குற்றம். பள்ளிக்கு வரும் வழியில் தாண்டினால் குற்றமில்லையா?

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜில், அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபாவுக்கு மக்கள் வெள்ளம் புறப்பட்டது. அத்தனை பேரும் ஒரே திசையில், ஒரே நேரத்தில். நம்முடைய மாலை நேரச் சந்திகளைவிடப் பெரிய நெரிசல் அது. பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் சப்தம் பெருமானாரின் செவியில் விழுந்தது. தமது சாட்டையால் சைகை செய்து, அமைதி காக்குமாறும், நன்மை விரைந்து ஓட்டுவதில் இல்லை என்றும் உணர்த்தினார்கள். தாம் ஏறியிருந்த கஸ்வா என்னும் ஒட்டகத்தின் கடிவாளத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள் என்றால், அதன் தலை சேணத்தில் முட்டும் அளவுக்கு என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கின்றார்கள். கூட்டத்தின் தலைவர், வழி கேட்டால் கடல் பிளந்தது போல் மக்கள் விலகியிருப்பார்கள். கேட்கவில்லை. அவர்கள் பின்னால் அமர்ந்து வந்த உஸாமா (ரலி) இன்னொரு செய்தியையும் சொல்கின்றார்கள். இடைவெளி கிடைத்த இடத்தில் மட்டும் பெருமானார் சற்று வேகமாகச் செலுத்தினார்கள். வேகமே ஆகாது என்பதல்ல. வெற்றிடம் இருந்தால் போகலாம், மனிதர் இருந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நடப்பவர்களுக்கும் கடமை உண்டு. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, திடீரென்று குறுக்கே இறங்குபவரை நாம் ஆதரிக்கவில்லை. தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது. வீடுகளில் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தராவீஹ் முடிந்து இரவிலும், பஜ்ருக்கு முன் இருட்டிலும், கருப்புப் பர்தாவில் சாலையைக் கடக்கும் பெண்களை வண்டி ஓட்டுபவர் கடைசி நொடி வரை காண்பதில்லை. கையில் ஒரு சிறு டார்ச் இருக்கட்டும். பிள்ளையை வண்டி வரும் பக்கம் விடாமல் உள் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மக்தப் விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து ஏறும்படி சாலையின் மறுபுறம் வண்டியை நிறுத்திக்கொண்டு கூப்பிடாதீர்கள். நீங்களே கடந்து போய் அழைத்து வாருங்கள்.

ஆனால் நமது பெரும் குற்றம் பள்ளிவாசலின் வாசலிலேயே இருக்கின்றது. ஜும்ஆ நேரத்தில் பிளாட்பாரம் முழுவதும் நம் வண்டிகள். நடப்பவர் நடுச்சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். அவர் மாற்று மதச் சகோதரராக இருந்தால் நம்மைப் பற்றியும் நம் தொழுகையைப் பற்றியும் என்ன நினைத்துக்கொண்டு போவார்? கல்யாணத்திற்குத் தெருவை அடைத்துப் பந்தல். கடைக்கு முன் நாலடி தள்ளிச் சாமான். பாதையில் ஒருவர் வைத்த பொருளால் மற்றவர் விழுந்தால் வைத்தவரே பொறுப்பு என்று ஃபிக்ஹ் நூல்களில் தனிப் பகுதியே உண்டு. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் மிகத் தாழ்ந்தது என்று ஹதீஸில் வருகின்றது. தாழ்ந்த கிளையையே பிடிக்க முடியாதவர்கள் நாம். முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் வண்டியை நிறுத்துகின்றோம்.

அடுத்த வியாழன் அஸருக்குப் பிறகு அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். வார்த்தை எழவில்லை. பிறகு சொன்னோம். ஹாரன் அடித்தது நாங்கள்தான் பெரியத்தா, ஹலால் ஆக்கிக்கொள்ளுங்கள் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் மன்னிச்சுட்டேன் தம்பி" என்றார். "முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். எந்தெந்த ஊர்லே, எத்தனை பேரை இப்படி ஓரத்திலே நிறுத்தி வச்சிருப்பேன்! அவங்களை நான் எங்கே போய்த் தேடுறது?"

நமக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய பேத்தி கொண்டு வந்து வைத்த தேநீர் ஆறிப் போயிருந்தது.

விஷயத்தை ஜமாஅத்தில் வைத்தோம். கோடுகளுக்கு வண்ணம் பூசவும், நடுவே திட்டு அமைக்கவும், வேகத்தடை போடவும் கேட்டு முத்தவல்லி கையொப்பத்தோடு மனு கொடுத்தாயிற்று. சாலை தங்களைச் சேர்ந்ததல்ல என்று முதல் அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டாவது அலுவலகத்தில் மனு இருக்கின்றது. அதற்குள் செய்ய முடிந்ததைச் செய்தோம். ஜும்ஆ நாளில் வண்டிகளை நிறுத்தப் பின்புறம் உள்ள வக்ஃபு மனையைத் திறந்துவிட்டார்கள். நூறடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கின்றதே என்று சிலர் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. பாங்கு முதல் குத்பா வரை நம் வாலிபர்கள் இருவர் கோட்டின் இரு முனைகளிலும் சிவப்புத் துணியோடு நிற்கின்றார்கள். கடப்பவர் யார், எந்த மதத்தவர், பள்ளிக்குப் போகின்றாரா சந்தைக்குப் போகின்றாரா என்று பார்ப்பதில்லை. ரமளான் நெருங்குகின்றது, தராவீஹுக்கு வருபவர்களுக்காகப் பள்ளியின் மின் இணைப்பிலிருந்தே கோட்டுக்கு மேலே ஒரு விளக்குப் போட அனுமதி கேட்டிருக்கின்றோம்.